கையெழுத்துத் தாள்கள் தீர்மானித்த தேர்தல்: மிச்சிகன் 2022

தெருவில் நின்று கையெழுத்து வாங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். காலையில் மொடமொடவென்று எடுத்துப்போன தாள் மாலைக்குள் களைத்துப்போய்விடும். முனை மடங்கியிருக்கும், எங்கோ ஒரு மழைத்துளி மையைக் கரைத்திருக்கும், ஒருவர் கட்டத்தைத் தாண்டிப் பெயரெழுதியிருப்பார், இன்னொருவர் முகவரியைத் தப்பாக எழுதி அடித்திருப்பார்.

2022 மே மாதம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தேர்தல் பிரிவு ஊழியர்கள், வாக்குச்சீட்டில் இடம்பெற வேட்பாளர்கள் சேர்த்துக் கொடுக்க வேண்டிய கையெழுத்து மனுக்களைச் சரிபார்த்தபோது, சில கட்டுகளில் இந்த அடையாளம் எதுவுமே இல்லை. மடிப்பு இல்லை, அழுக்கு இல்லை, ஈரம் பட்ட தடம் இல்லை. அச்சகத்திலிருந்து நேரே வந்தவை போல இருந்தன. உற்றுப் பார்த்தால் ஒரே கையெழுத்துச் சாயல் பல பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தது. சில தாள்களை ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வரி நிரப்பி, அடுத்தவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்பது ஊழியர்களின் முடிவு. ஒரே கை எழுதியது போலத் தெரியாமல் இருப்பதற்கான வழி அது. பெயர்களில் சில இறந்துபோனவர்களுடையவை. சில, ஊரை விட்டே போனவர்களுடையவை.

கூலிக்குக் கையெழுத்து சேகரித்த 36 பேர் இப்படிப் போலித் தாள்களைக் கொடுத்திருந்தார்கள். பத்து வேட்பாளர்களின் மனுக்களில் சேர்த்து, செல்லாத கையெழுத்துகள் 68,000-க்குக் குறையாது என்று அந்தப் பிரிவின் அறிக்கை சொன்னது. அறிக்கை வெளிவந்தது மே 23 இரவு. அந்த வாரம் முடிவதற்குள் குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் பட்டியல் பாதியாகிவிட்டது.

இங்கே இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அமெரிக்க மாநிலத்தின் ஆளுநர் மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர். அப்புறம், இது காலியான ஒரு தொகுதிக்கு நடக்கும் இடைத்தேர்தல் அல்ல. அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் நாடு முழுக்க நடக்கும் இடைக்காலத் தேர்தல். வழக்கமாக அதிபரின் கட்சி அடிவாங்கும் தேர்தல் இது. மிச்சிகனில் அந்த வழக்கம் இன்னும் உறுதியானது: அதிபரின் கட்சியைச் சேர்ந்த ஒருவர் அங்கே ஆளுநர் தேர்தலில் ஜெயித்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 1990-இல் ஜான் எங்லர் ஜெயித்தபோது வெள்ளை மாளிகையில் அவர் கட்சியின் மூத்த புஷ் இருந்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை.

2022-இல் அதிபர் பைடன். ஆளுநர் கிரெட்சன் விட்மர். இருவரும் ஜனநாயகக் கட்சி. விலைவாசி ஏறிக்கிடந்தது. பழைய கணக்குப்படி விட்மர் தோற்றிருக்க வேண்டும். ஆனால் பத்து சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் கட்சி மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளையும் பிடித்தது. ஏன் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கருக்கலைப்பு உரிமை என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஆண்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கையெழுத்துத் தாள் இருந்ததைக் கவனிக்காமல் மிச்சிகனைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

கோடு போட்டவர்கள்

கதை 2016 நவம்பரில் தொடங்குகிறது. அதிபர் தேர்தல் முடிந்த கையோடு கேட்டி ஃபாஹே என்ற இளம்பெண் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். தொகுதி எல்லைகளை ஆளும் கட்சி தனக்குச் சாதகமாக வளைத்துப் போடுவதை மிச்சிகனில் எதிர்க்கப் போகிறேன், உடன்வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். அவர் அரசியல்வாதி அல்ல, பின்னால் கட்சி எதுவும் இல்லை.

அந்த வளைப்பு எப்படி நடந்தது என்பது பின்னால் ஒரு வழக்கில் வெளியே வந்தது. 2011-இல் வரைபடம் தயாரானபோது குடியரசுக் கட்சி வட்டாரத்தில் பரிமாறப்பட்ட மின்னஞ்சல் ஒன்றில், டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள நான்கு கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்றவை) ஜனநாயகக் கட்சிக் 'குப்பை'யை மொத்தமாக நாலே தொகுதிகளுக்குள் அடைப்பது பற்றி எழுதியிருந்தார்கள். அது மனிதர்களைப் பற்றிய பேச்சு. அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. கோடுகளின் பலன் 2018-இல் அப்பட்டமாகத் தெரிந்தது. மாநிலம் முழுக்க எண்ணிப் பார்த்தால் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்குத்தான் அதிக ஓட்டு. இடங்களோ, செனட்டில் 22-க்கு 16, கீழவையில் 58-க்கு 52 என்று குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை.

ஃபாஹேயின் பதிவைப் பார்த்து வந்தவர்கள் 'வாக்காளர்கள், அரசியல்வாதிகள் அல்ல' என்ற பெயரில் ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். மாநில அரசியலமைப்பைத் திருத்தும் யோசனை ஒன்று வாக்குச்சீட்டில் இடம்பெற அன்றைக்கு 3,15,654 செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும். கூலிக்கு ஆள் வைக்காமல் அது நடக்காது என்று அனுபவசாலிகள் சொன்னார்கள். இவர்கள் தொண்டர்களை வைத்தே நாலு மாதத்துக்குள் 4,25,000-க்கு மேல் சேகரித்துக் கொடுத்தார்கள். 2018 நவம்பரில் 61 சதவீத ஆதரவோடு திருத்தம் நிறைவேறியது.

தொகுதி வரையும் வேலை சட்டமன்றத்தின் கையிலிருந்து 13 சாதாரணக் குடிமக்கள் கொண்ட ஆணையத்தின் கைக்குப் போனது. ஜனநாயகக் கட்சி சார்பு நாலு பேர், குடியரசுக் கட்சி சார்பு நாலு பேர், எந்தக் கட்சியும் சாராதவர் ஐந்து பேர். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து 200 பெயர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தெடுத்தார்கள். சட்டமன்றத் தலைவர்கள் அதில் 20 பெயர்கள் வரை நீக்கலாம். மீதியிலிருந்து மறுபடி குலுக்கி 13 பேர். 2021 டிசம்பர் 28 அன்று அவர்கள் புதிய வரைபடங்களை ஏற்றார்கள். நாடாளுமன்றத் தொகுதிகள் மக்கள்தொகைக் கணக்கால் 14-இலிருந்து 13 ஆகக் குறைந்திருந்தன. சட்டமன்றத் தொகுதிகள் பல, பல ஆண்டுகளுக்குப் பிறகு, இரு பக்கமும் சாயக்கூடியவையாக மாறின.

ஆக, 2022-இன் வேட்பாளர்கள் மேடையேறுவதற்கு முன்பே மேடையின் அளவு மாறிவிட்டது.

பாதியான பட்டியல்

குடியரசுக் கட்சியில் ஆளுநர் பதவிக்குப் பத்துப் பேர் மனு கொடுத்தார்கள். குறைந்தது 15,000 செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 19. அதிகம் பேசப்பட்டவர் ஜேம்ஸ் கிரெய்க். டெட்ராய்ட்டின் காவல்துறைத் தலைவராக எட்டு ஆண்டுகள் இருந்தவர், கறுப்பினத்தவர், நகரத்திலும் பெயர் தெரிந்த முகம். விட்மருக்குச் சரியான போட்டி இவர்தான் என்று இரு கட்சியிலும் பேச்சு இருந்தது. அடுத்தவர் பெர்ரி ஜான்சன், பணக்காரத் தொழிலதிபர். கையிலிருந்து பல லட்சம் டாலர் செலவழித்து விளம்பரம் செய்துகொண்டிருந்தார்.

கிரெய்க் கொடுத்தது 21,305 கையெழுத்து. தேறியது 10,192. ஜான்சன் கொடுத்தது 23,193, தேறியது 13,800. இன்னும் மூவருக்கும் இதே கதி. அதில் ஒருவர் தானே விலகிக்கொண்டார்.

முடிவெடுக்க வேண்டியது மாநில வாக்குச் சரிபார்ப்பு வாரியம். கட்சிக்கு இரண்டு பேராக நாலு உறுப்பினர்கள். மூன்று பேர் கைதூக்கினால்தான் எதுவும் நடக்கும். மே 26 அன்று 2-க்கு 2 என்று முட்டி நின்றது. முட்டினால் பெயர் வாக்குச்சீட்டில் ஏறாது. நீதிமன்றங்களும் கைவிட்டன. கிரெய்க் சீட்டில் இல்லாத பெயரை எழுதி ஓட்டுப்போடச் சொல்லிப் பார்த்தார். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

இதில் வேட்பாளர்கள் மேல் பரிதாபப்பட்டவர்கள் உண்டு. மோசடி செய்தவர்கள் கூலிக்காரர்கள், ஏமாந்தவர்கள் வேட்பாளர்கள், அவர்களை ஏன் தண்டிக்க வேண்டும் என்று கேட்டார்கள். வேட்பாளர்களுக்குத் தெரிந்து நடந்தது என்று தேர்தல் பிரிவும் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். பதினைந்தாயிரம் பேர் என்பது அரசியலில் பெரிய எண் இல்லை. ஒரு கோடி மக்கள் வாழும் மாநிலத்தை ஆள வருகிறவர் அந்தப் பதினைந்தாயிரம் பேரை உண்மையாகச் சந்தித்திருக்க வேண்டும், அல்லது தன் பெயரில் சந்தித்தவர்கள் யார் என்றாவது பார்த்திருக்க வேண்டும். 2018-இல் தொண்டர்கள் அதைப்போல இருபது மடங்குக்கு மேல் கால்நடையாகச் சேர்த்துக் காட்டிய அதே மாநிலம் இது. (கையெழுத்து சேகரித்த நிறுவனங்கள் தொடர்பாக மூன்று பேர் மீது 2023-இல் குற்றவழக்கு பதிவானது.)

மீதி ஐந்து பேர். அவர்களில் ரையன் கெல்லியை ஜூன் 9 அன்று எஃப்.பி.ஐ. கைது செய்தது, 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதல் நாளில் அங்கே இருந்தது தொடர்பான வழக்கு. அவர் போட்டியிலிருந்து விலகவில்லை. கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் ஆகஸ்ட் 2 உட்கட்சித் தேர்தலில் சுமார் 40 சதவீதத்தோடு ஜெயித்தவர் டூடர் டிக்சன், வலதுசாரி ஊடக நிகழ்ச்சி நடத்தியவர், குடும்ப எஃகு வார்ப்புத் தொழிலில் வேலை பார்த்தவர். மாநிலத்தின் பெரும் பணக்கார டெவோஸ் குடும்பத்தின் ஆதரவு அவருக்கு முன்பே இருந்தது. டிரம்ப் ஆதரவு அறிவித்தது வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்புதான். ஜெயித்த அன்று டிக்சனின் பிரசாரக் கஜானா ஏறக்குறைய காலி. போட்டியே இல்லாமல் வேட்பாளரான விட்மரிடம் ஒரு கோடி டாலருக்கு மேல் இருந்தது.

அதே நாளில் வேறு மூன்று தொகுதிகள்

ஆகஸ்ட் 2 அன்று நடந்தவற்றில் கிராண்ட் ராப்பிட்ஸ் விவகாரம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. நாடாளுமன்ற மூன்றாம் தொகுதி. உறுப்பினர் பீட்டர் மெய்யர், குடியரசுக் கட்சி. பதவியேற்ற பத்தாவது நாளே டிரம்பைப் பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கும் தீர்மானத்தை ஆதரித்தவர். அவர் கட்சியில் அப்படிச் செய்த பத்தே பேரில் ஒருவர். அதற்காக அவரை எதிர்த்து ஜான் கிப்ஸ் நின்றார், டிரம்பின் ஆதரவோடு.

இங்கே ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு ஒரு வேலை செய்தது. சுமார் 4,25,000 டாலர் போட்டு ஒரு தொலைக்காட்சி விளம்பரம். மேலோட்டமாகப் பார்த்தால் கிப்ஸைத் தாக்கும் விளம்பரம்: இவர் டிரம்பின் ஆள், மிகத் தீவிரமானவர் என்கிறது. குடியரசுக் கட்சி உட்கட்சி வாக்காளர் காதில் அது கிப்ஸுக்கான பாராட்டு. நவம்பரில் தோற்கடிக்க எளிதான ஆளைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் தந்திரம். மெய்யர் நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். நவம்பரில் ஹில்லரி ஸ்கால்டன் கிப்ஸை 13 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஒரு காலத்தில் முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் சொந்தத் தொகுதியாக இருந்த நகரம், 1970-களுக்குப் பிறகு முதல்முறையாக ஜனநாயகக் கட்சிக்கு வந்தது.

தந்திரம் பலித்தது. ஆனாலும் அது தவறு. ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே, அந்த ஆபத்தை எதிர்த்துத் தன் கட்சிக்குள் நின்ற மனிதரைக் காசு செலவழித்து வீழ்த்தியிருக்கக் கூடாது. ஸ்கால்டன் நல்ல வேட்பாளர். புதிய கோடுகளில் தொகுதியே ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்திருந்தது. மெய்யரை நேருக்கு நேர் எதிர்த்திருக்கலாம்.

பதினோராம் தொகுதியில் கோடு மாறியதால் ஜனநாயகக் கட்சியின் இரண்டு நடப்பு உறுப்பினர்களே மோதிக்கொண்டார்கள். ஹேலி ஸ்டீவன்ஸ், ஆண்டி லெவினை 60-க்கு 40 என்று வீழ்த்தினார். இஸ்ரேல் ஆதரவுக் குழுவின் பெரும் செலவு அதில் பேசுபொருளானது.

பதின்மூன்றாம் தொகுதி டெட்ராய்ட். ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஒன்பது பேர் போட்டியிட்டார்கள். 28 சதவீதம் வாங்கி ஜெயித்தவர் ஸ்ரீ தானேதார். கர்நாடகத்தின் பெலகாவியில் வளர்ந்தவர், அமெரிக்காவில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கித் தொழில் நடத்தியவர், சொந்தப் பணத்தைத் தாராளமாக இறக்கியவர். கறுப்பின மக்கள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வாழும் நகரத்தில், அவர்கள் ஓட்டு மற்ற வேட்பாளர்களிடையே சிதறிப்போனது. 1955-க்குப் பிறகு முதல்முறையாக டெட்ராய்ட்டுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லாமல் போனது. இந்தியாவில் பல பத்திரிகைகளுக்கு இது பெருமைச் செய்தி. அந்த நகரத்தில் இது 67 ஆண்டுத் தொடர்ச்சி அறுந்துபோன நாள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இடைவெளி இல்லாத சொற்கள்

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கான நாடளாவிய பாதுகாப்பை நீக்கியது. மிச்சிகனில் 1931-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் ஏட்டில் இருந்தது. தாயின் உயிரைக் காப்பதற்கு அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பு குற்றம் என்பது அது. விட்மர் இதை முன்கூட்டியே எதிர்பார்த்து ஏப்ரலிலேயே வழக்குப் போட்டிருந்தார். மே மாதம் ஒரு நீதிபதி வேறொரு வழக்கில் அந்தச் சட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தார். ஒரு தடையாணையின் நூலில்தான் எல்லாம் தொங்கியது. டிக்சனின் நிலைப்பாடு 1931 சட்டத்தோடு ஒத்துப்போனது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் விலக்கு இல்லை என்றார்.

அந்தக் கோடையில் மறுபடியும் தாள்கள் வீதிக்கு வந்தன. கருவுறுதல் தொடர்பான முடிவுகளைப் பெண்ணின் உரிமையாக மாநில அரசியலமைப்பிலேயே எழுதும் யோசனை, 'மூன்றாம் முன்மொழிவு'. தேவைப்பட்டது 4,25,059 கையெழுத்து. கொடுத்தது 7,50,000-க்கு மேல்.

இந்தத் தாள்களில் போலி இல்லை. வேறொரு குறை கண்டுபிடித்தார்கள். அச்சடித்தபோது சில வரிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி நெருங்கிப்போயிருந்தது. கருத்தரிப்புதொடர்பானஅனைத்துமுடிவுகளும் என்று ஒரே மூச்சில் எழுதினால் எப்படி இருக்குமோ, அப்படி. இதோ இந்த வரியை நீங்கள் படித்துவிட்டீர்கள். மிச்சிகன் மக்களும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஆகஸ்ட் 31 அன்று அதே வாரியம், அதே 2-க்கு 2. குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் இருவரும் ஒப்புதல் தர மறுத்தார்கள்.

மே மாத முட்டலையும் இதையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் உண்டு. நான் வைக்க மாட்டேன். அங்கே கையெழுத்துப் போட்ட மனிதர்களே இல்லை. இங்கே மனிதர்கள் இருந்தார்கள், இடைவெளிதான் இல்லை. செப்டம்பர் 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்ற கணக்கில் முன்மொழிவைச் சீட்டில் ஏற்றச் சொன்னது. கையெழுத்திட்டவர்கள் யாரும் குழம்பியதாக யாருமே சொல்லவில்லை, நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு லட்சக்கணக்கானோரின் உரிமையைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று தலைமை நீதிபதி பிரிஜெட் மெக்கார்மக் வருத்தத்தோடு எழுதினார். குடியரசுக் கட்சி முன்னிறுத்திய நீதிபதி எலிசபெத் கிளெமென்டும் அந்தப் பெரும்பான்மையில் சேர்ந்தார்.

நவம்பர் 8

சுமார் 45 லட்சம் பேர் ஓட்டுப்போட்டார்கள். மிச்சிகனின் எந்த இடைக்காலத் தேர்தலிலும் இவ்வளவு வந்ததில்லை.

அன்றைய காட்சி ஒன்று மனதில் நிற்கிறது. ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்துக்குள் நகர எழுத்தரின் தற்காலிக அலுவலகம். தேர்தல் நாளன்றே பெயர் பதிந்து அங்கேயே ஓட்டுப்போடலாம்; 2018-இல் கையெழுத்து வேட்டையால் வந்த இன்னொரு திருத்தம் தந்த உரிமை அது. இரவு 8 மணிக்கு வாக்குச்சாவடிகள் மூடும் நேரத்தில் வெளியே நூற்றுக்கணக்கான மாணவர்கள் வரிசையில். 8 மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் ஓட்டு உண்டு என்பது விதி. நவம்பர் மாத மிச்சிகன் குளிரில் நின்றார்கள். தொலைக்காட்சிகள் முடிவை அலசிக்கொண்டிருக்க, நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில்தான் கடைசி மாணவர் ஓட்டுப்போட்டு வெளியே வந்தார்.

விட்மருக்கு 24,30,505 ஓட்டு, 54.5 சதவீதம். டிக்சனுக்கு 19,60,635. மூன்றாம் முன்மொழிவுக்கு ஆதரவு 56.7 சதவீதம், விட்மர் வாங்கியதைவிட சுமார் 50,000 ஓட்டு அதிகம். அதாவது, ஆளுநராக டிக்சனையோ வேறு யாரையோ தேர்ந்தெடுத்துவிட்டு, உரிமை விஷயத்தில் ஆதரவுக் கட்டத்தை நிரப்பியவர்களும் கணிசம். வேட்பாளரும் முன்மொழிவும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. எது எதைத் தூக்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மாநிலச் செயலர், அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) ஆகிய இரண்டு பதவிகளுக்கும் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தது வாக்காளர்கள் அல்ல, கட்சி மாநாடு. ஏப்ரலில் கிராண்ட் ராப்பிட்ஸில் கூடிய குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள், 2020 தேர்தலே மோசடி என்று பிரசாரம் செய்த கிறிஸ்டினா கராமோவையும் மேத்யூ டிபெர்னோவையும் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலை நடத்தும் பொறுப்பே மாநிலச் செயலருடையது. கராமோ 14 புள்ளி வித்தியாசத்தில் ஜோசலின் பென்சனிடம் தோற்றார். டிபெர்னோ சுமார் 9 புள்ளியில் டேனா நெசலிடம். மேலே இருக்கும் மூன்று பதவிகளில் கட்சி மோசமாக அடிவாங்கிய இடம், அது தீவிரத்தை அதிகம் காட்டிய இடம்.

நாடாளுமன்றத்தில் 7-க்கு 6 என்று ஜனநாயகக் கட்சி. மாநிலத் தலைநகர் லான்சிங் பக்கம் எலிசா ஸ்லாட்கின், டாம் பாரெட்டை ஐந்து புள்ளிக்கும் சற்று அதிகமாக வென்றார். நாட்டிலேயே அதிகப் பணம் புரண்ட தொகுதிகளில் அது ஒன்று. குடியரசுக் கட்சியின் லிஸ் செனி நேரில் வந்து ஸ்லாட்கினுக்கு ஆதரவு கேட்டார். மக்கோம் கவுண்டியை மையமாகக் கொண்ட பத்தாம் தொகுதியில் கதை வேறு. முன்பு இரண்டு முறை அமெரிக்க செனட்டுக்கு நின்று தோற்ற ஜான் ஜேம்ஸ், முன்னாள் நீதிபதி கார்ல் மார்லிங்காவை சுமார் 1,600 ஓட்டில் முந்தினார். அங்கே ஜெயிக்க முடியாது என்று கணக்குப் போட்டு ஜனநாயகக் கட்சியின் தேசிய அமைப்புகள் பெரிதாகப் பணம் இறக்கவில்லை. கிப்ஸை வளர்க்கப் போன அந்த 4,25,000 டாலர் மார்லிங்காவுக்கு வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி சட்டமன்றம். கீழவை 56-க்கு 54. செனட் 20-க்கு 18. மக்கோம் கவுண்டி ஓரத்தில் கெவின் ஹெர்ட்டல் சில நூறு ஓட்டில் தப்பித்தார். ஏப்ரலில் தன் மீது வீசப்பட்ட அவதூறுக்கு அவையிலேயே பதில் சொல்லி நாடெங்கும் கவனம் பெற்ற செனட் உறுப்பினர் மேலரி மெக்மாரோ, அதனால் குவிந்த நன்கொடையைச் சக வேட்பாளர்களுக்கும் திருப்பிவிட்டது இந்த மாதிரி நூலிழைத் தொகுதிகளில் கைகொடுத்தது.

மாநில செனட்டை ஜனநாயகக் கட்சி கடைசியாக இழந்தது 1984 தொடக்கத்தில். அதன் பின்னணியிலும் கையெழுத்துத் தாள் இருக்கிறது. ஆளுநர் ஜேம்ஸ் பிளான்சர்ட் காலத்தில் மாநில வருமான வரியை 4.6 சதவீதத்திலிருந்து 6.35 ஆக உயர்த்தினார்கள். கொதித்த மக்கள் கையெழுத்து திரட்டி, அந்த உயர்வுக்கு ஓட்டுப்போட்ட இரண்டு ஜனநாயகக் கட்சி செனட்டர்களை 1983 நவம்பரில் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். அந்த இரண்டு இடமும் குடியரசுக் கட்சிக்குப் போக, அவையும் போனது. அதைத் திரும்பப் பிடிக்க 38 ஆண்டு ஆனது.

டெட்ராய்ட் கொடுத்த விலை

ஜெயித்தவர்கள் வேகமாக வேலையில் இறங்கினார்கள். 2023 மார்ச்சில் தொழிற்சங்கங்களைப் பலவீனப்படுத்திய சட்டத்தை நீக்கினார்கள். ஏப்ரலில் 1931 சட்டத்தை ஏட்டிலிருந்தே எடுத்தார்கள். செனட்டில் வின்னி பிரிங்க்ஸ் முதல் பெண் பெரும்பான்மைத் தலைவர். கீழவையில் ஜோ டேட் முதல் கறுப்பினச் சபாநாயகர்.

ஆனால் நல்ல எண்ணத்தோடு போட்ட கோடுகளிலும் ஒரு காயம் இருந்தது. ஆணையம் டெட்ராய்ட்டின் கறுப்பினக் குடியிருப்புகளை நீளநீளமாகக் கீறி, நகரின் வட எல்லையான எட்டு மைல் சாலையைத் தாண்டி வெள்ளையர் அதிகம் வாழும் புறநகர்களோடு ஒட்ட வைத்திருந்தது. ஒரே இடத்தில் குவிந்து வீணாகும் ஓட்டைப் பரப்பினால் நியாயம் கிடைக்கும் என்பது நிபுணர்கள் கொடுத்த யோசனை. அந்தப் பகுதி மக்கள் ஆணையத்தின் கூட்டங்களுக்கே வந்து வேண்டாம் என்றார்கள். உட்கட்சித் தேர்தலில் எங்கள் குரல் எடுபடாது, எங்கள் தெருவைத் தெரிந்தவர் எங்களுக்கு உறுப்பினராக வரமாட்டார் என்றார்கள். ஆணையம் கேட்கவில்லை.

டெட்ராய்ட் குடிமக்கள் வழக்குக்குப் போனார்கள். 2023 டிசம்பர் 21 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம், ஏழு கீழவைத் தொகுதிகளும் ஆறு செனட் தொகுதிகளும் இனத்தை முதன்மையாக வைத்து வரையப்பட்டவை, அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. ஆணையம் மறுபடி உட்கார்ந்து வரைந்தது. கீழவைக்கான புதிய வரைபடத்தை 2024 மார்ச்சில் நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் குடியரசுக் கட்சி 58-க்கு 52 என்று கீழவையைத் திரும்பப் பிடித்தது. 2022-இல் ஸ்லாட்கினிடம் தோற்ற பாரெட்டும் அதே தேர்தலில் நாடாளுமன்றத்துக்குப் போனார். செனட்டர்களின் பதவிக்காலம் நாலு ஆண்டு என்பதால், டெட்ராய்ட் மக்கள் கேட்டு வாங்கிய செனட் கோடுகளில் முதல் தேர்தல் 2026 நவம்பருக்கு என்று வைத்தார்கள்.